துணைமாந்தர் பெருகிவிட்ட தொடரை எப்படிக் கரை சேர்ப்பது?

கொண்டல் (பாம்பன்)

ஆறு ஆண்டுகளாக இணையத்தில் எழுதி வரும் என் மிகைபுனைவுத் தொடரின் நான்காம் பாகத்தைச் சென்ற மாதம் முடித்தேன். கடலடியில் கிடக்கும் சங்குகளில் இறந்தோரின் குரல் தங்கியிருக்கும் என்பதும், அவற்றைக் குளித்தெடுத்துக் கேட்கத் தெரிந்தவர்களே அந்த நாட்டில் வழக்குத் தீர்ப்பவர்கள் என்பதும் கதையின் அடிப்படை. நிலம் கற்பனையானது என்றாலும், அதன் மணலும் காற்றும் நம் கரையிலிருந்து எடுத்தவையே.

ஐந்தாம் பாகத்தைத் தொடங்குமுன், இதுவரை பெயர் சொல்லி அறிமுகப்படுத்திய மாந்தர் அனைவரையும் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். 143 பேர் வந்தார்கள். அவர்களில் 41 பேரைக் கடைசியாக எந்த இடத்தில் எந்த நிலையில் விட்டேன் என்பது எழுதிய எனக்கே நினைவில்லை. முதல் அத்தியாயத்திலிருந்து விடாமல் படித்து வரும் ஒரு வாசகர், “உப்பளத்தில் நிற்கும் முனியன் யார், முன்பே வந்தவரா?” என்று கேட்டிருந்தார். முதல் பாகத்தில் நாயகியைக் காய்ச்சலிலிருந்து மீட்டுப் பதினொரு அத்தியாயங்கள் தன் குடிசையில் வைத்துக் காத்தவர் அந்த முனியன். அந்தக் கேள்வியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குற்றம் வாசகருடையதன்று என்பது எனக்குத் தெரியும்.

ஐந்தாம் பாகத்தின் தொடக்கத்திலேயே ஒரு பெரும்புயலைக் கொண்டு வந்து அறுபது பேரையாவது ஒரே இரவில் முடித்துவிடலாம் என்று எண்ணியிருக்கிறேன். எஞ்சியவர்களை வைத்துக் கதையைத் தெளிவாக நடத்த முடியும். நீண்ட தொடர்களைப் படிப்பவர்களும் எழுதுபவர்களும் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று மனம் திறந்து சொல்ல வேண்டுகிறேன்.

சோழகம் (தொண்டி)

உங்கள் தொடரை இரண்டாம் பாகத்திலிருந்து படித்து வருகிறேன். முனியனை எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அவர் பெயர் முனியன் என்பது நினைவில் இல்லை. “காய்ச்சலுக்கு வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்த கிழவர்” என்றுதான் மனத்தில் பதிந்திருக்கிறார். இதில் உங்கள் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி இருப்பதாகக் கருதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது நூலின் இறுதியில் ஒரு மாந்தர் அடைவு. ராபர்ட் ஜோர்டனின் ‘வீல் ஆஃப் டைம்’ தொடர் 1990 முதல் 2013 வரை 14 பாகங்களாக வந்தது. பாகங்களின் கடைசியில் சொல்லடைவு இருக்கும். அதைவிட முக்கியமாக, 2007இல் ஆசிரியர் இறந்த பிறகு அவர் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் என்ற வேறோர் எழுத்தாளர் கடைசி மூன்று பாகங்களை எழுதி முடித்தார். அடைவு வாசகருக்கானது, குறிப்பு எழுதுபவருக்கானது. உங்களிடம் இரண்டுமே இல்லை என்பது 41 பேரைத் தொலைத்ததிலிருந்து தெரிகிறது. நாளை வேறொரு கை உங்கள் தொடரை எடுத்து நடத்த வேண்டி வந்தால், அந்தக் கைக்குப் போதும்படியாகக் குறிப்பு இருக்க வேண்டும். இதைக் கடுமையாகச் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். தொடரின் மேல் உள்ள அக்கறையால் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. 1950இல் தொடங்கி 1954 வரை வார இதழில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, துணைமாந்தர் பலர் பிறகு என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டதற்கு விடையாகக் கல்கி ஒரு முடிவுரையே எழுத வேண்டியிருந்தது. அத்தனை பேர் நடமாடிய கதையில் வாசகர் யாரையும் விடவில்லை என்பதற்கு அது சான்று. ஆகவே எண்ணிக்கை மட்டுமே குறை என்று நான் ஏற்க மாட்டேன்.

உவர்மண் (ராமேசுவரம்)

புயலைப் பற்றி மட்டும் சொல்ல வந்திருக்கிறேன்.

என் பாட்டி தனுஷ்கோடியில் பிறந்து வளர்ந்தவர். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு அடித்த புயலையும், நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடல் கொண்டுபோன ரயிலையும் பற்றி எல்லோரும் அவரிடம் கேட்பார்கள். அவர் ரயிலைப் பற்றிப் பேசவே மாட்டார். புயலுக்குப் பிறகு ராமேசுவரத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, காலையில் எழுந்ததும் ஒவ்வொரு நாளும் ஒரு புதிய ஆள் இல்லாதது தெரிய வந்தது என்றுதான் சொல்வார். நூல் கண்டு வாங்கப் போனால், அதை விற்றவர் இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும். பல் வலித்தால், கிராம்பு வைத்துக் கட்டிவிடும் பெண் இல்லை என்பது அப்போதுதான் தெரியும். இறந்தவர் ஒரே இரவில் இறந்தார்கள். இருந்தவர்களுக்கு அவர்கள் பல ஆண்டுகளாக ஒருவர் பின் ஒருவராக இல்லாமற்போனார்கள். இன்றும் சுற்றுலா வருகிறவர்கள் அங்கு நிற்கும் தேவாலயத்தின் இடிபாட்டைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதற்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் யார் எந்த வரிசையில் உட்கார்ந்தார் என்பதைச் சொல்லும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள்.

உங்களுக்கு நினைவில்லாத 41 பேரை அப்புறப்படுத்துவதற்காகப் புயலைக் கொண்டு வருவதாக இருந்தால், அது எங்களைப் போன்றவர்களைப் புண்படுத்தும். கொண்டு வந்தே தீர வேண்டுமென்றால், செத்த ஒவ்வொருவரும் விட்டுப்போன வெற்றிடத்தைக் கதை சுமக்க வேண்டும். அப்போது அறுபது பேரைக் குறைத்ததாக ஆகாது. முன்னைவிட அதிகமாக அவர்களைப் பற்றி எழுத வேண்டியிருக்கும்.

அரவானை நினைத்துப் பாருங்கள். பாரதப் போரில் எட்டாம் நாள் விழுகிற அருச்சுனனின் மகன் அவன். மூலக் கதையில் அவனுக்குக் கிடைக்கும் இடம் சிறியது. தமிழகம் அவனைக் களப்பலியாக்கிக் கூத்தாண்டவராகக் கும்பிடுகிறது; கூவாகத்தில் சித்திரைதோறும் அவனுக்காகத் தாலி கட்டி மறுநாள் அறுக்கிறார்கள். உங்கள் 143 பேரில் அரவான் யாரென்று உங்களுக்கே இன்னும் தெரியாது.

கொண்டல் (பாம்பன்)

உவர்மண் எழுதியதைப் படித்த பிறகு புயலைக் கைவிட்டேன். அது கதையின் தேவையிலிருந்து வரவில்லை, என் களைப்பிலிருந்து வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாட்டியின் நூல் கண்டையும் கிராம்பையும் என்னால் மறக்க முடியாது.

சோழகம் சொன்னபடி நோட்டைத் திருத்தி எழுதத் தொடங்கியிருக்கிறேன். பெயர், வயது, தோற்றம், கடைசியாக வந்த இடம் என்று நான்கு கட்டங்கள் போட்டேன். முப்பது பேருக்கு எழுதியதும் கை நின்றுவிட்டது. அத்தனையும் உண்மையாக இருந்தும், அதைப் படித்தால் யாரும் உயிரோடு எழுந்து வரவில்லை.

பனங்காடு (சாயல்குடி)

சுருக்கமாக இரண்டு செய்திகள்.

ஒன்று பெயர்களைப் பற்றியது. உங்கள் தொடரில் முனியன், முத்தன், முத்தாயி, மூக்கன், மாயன், மாறன், மருதன் ஆகிய எழுவரும் மகரத்தில் தொடங்குகிறார்கள். வாசகர் கண் முதலெழுத்தையும் பெயரின் நீளத்தையும்தான் பிடித்துக்கொள்கிறது. மூன்றெழுத்துப் பெயர்கள் மூன்று மகரத்தில் இருந்தால் அவை ஒரே ஆளாகிவிடும். நம் ஊர்களில் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே தெருவில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். அதனால் யாரும் குழம்புவதில்லை, ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. கதையிலும் பட்டப்பெயர் வேலை செய்யும்.

மற்றொன்று பெயரே வேண்டாத மாந்தரைப் பற்றியது. சேது கட்டியபோது மணலில் புரண்டு கடலில் உதறிய அணிலை நம் கரையில் அறியாத குழந்தை இல்லை. அது வால்மீகியில் இல்லை. தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் பாடியிருக்கிறார். முதுகில் மூன்று கோடு விழுந்த கதையை மக்கள் சேர்த்துச் சொல்கிறார்கள். அந்த அணிலுக்குப் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. ஒரு செயலும் ஓர் அடையாளமும் அதற்குப் போதுமாக இருந்தன. பெயர் வைத்துவிட்டால் பிறகு சோறும் போட வேண்டும். உங்கள் 143 பேரில் பாதிப் பேருக்குப் பெயர் வைத்திருக்கவே தேவையில்லை.

ஆவுளியா (கீழக்கரை)

பனங்காடு அவர்கள் பட்டப்பெயரைச் சொன்னார்கள். நான் முறைப்பெயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தமிழில் எழுதும் மிகைபுனைவுக்கு இது கைக்குக் கிடைத்த ஒரு கருவி. பெரும்பாலோர் இதைப் பயன்படுத்துவதில்லை.

எங்கள் வீட்டில் என் மூத்த சகோதரியை நான் லாத்தா என்பேன். அவர் பிள்ளைகளுக்கு அவர் உம்மா. எங்கள் தெருவில் பழகிய இந்துக் குடும்பத்தார் அவரை அக்கா என்பார்கள். ஒரே மனிதர், மூன்று சொற்கள். ஒவ்வொரு சொல்லும் அவரைச் சொல்வதோடு, சொல்பவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. பெரிய மாந்தர் கூட்டத்தில் இது இரு பக்கமும் வெட்டும். அத்தியாயத்திற்கு ஒருவர் கண்ணிலிருந்து கதையைச் சொல்லும் உங்கள் முறையில், உப்பளத்து முனியன் நாயகிக்குத் தாத்தா, அவள் தம்பிக்கு வைத்தியர், அரண்மனைக் கணக்கருக்கு வெறும் முனியன். கணக்கர் பார்வையில் வந்த அத்தியாயத்தில் “முனியன் நின்றான்” என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாகம் முழுவதும் “தாத்தா சொன்னார்” என்று கேட்டுப் பழகிய வாசகர், பெயரும் மாறி, “ஆர்” விகுதி “ஆன்” விகுதியாகவும் மாறி நிற்பவரை எப்படி அடையாளம் காண்பார்? அந்த வாசகர் கேட்ட கேள்வி முற்றிலும் நியாயமானது.

இதற்கு வழி மரியாதையை ஒரே மாதிரி ஆக்கிவிடுவதன்று. கணக்கர் “நின்றான்” என்று நினைப்பதில்தான் அந்த நாட்டின் மேடு பள்ளம் முழுவதும் தெரிகிறது. அதை அழித்துவிடக் கூடாது. யார் பார்த்தாலும் மாறாத ஒரு பொருளை மட்டும் அவரோடு சேர்த்து வைத்துவிடுங்கள். வேப்பங்கொழுந்து அரைத்த அம்மிக்குழவி அவர் கையில் இருந்தால், தாத்தா என்றாலும் முனியன் என்றாலும் வாசகருக்கு ஐயம் வராது.

நோட்டில் நான்கு கட்டம் போட்டதாக எழுதியிருந்தீர்கள். தோற்றம் என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, “யார் இவரை என்னவென்று கூப்பிடுவார்கள்” என்று ஒரு கட்டம் போடுங்கள். ஒருவரை ஒரே ஆள் மட்டும் கூப்பிடுகிறார் என்றால் அவர் இன்னும் ஊருக்குள் வந்து சேரவில்லை என்று பொருள். நான்கு பேர் நான்கு முறை சொல்லிக் கூப்பிட்டால் அவர் தானாகவே நிற்பார்.

கச்சான் (மண்டபம்)

நான் எழுத்தாளன் இல்லை. மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போகும் குடும்பம். இரவில் கைப்பேசியில் இப்படிப்பட்ட தொடர்களைப் படிப்பேன். இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஒரு குறுகலான நிலநாக்கு. வடக்கே பாக் விரிகுடா. அதை வடகடல் என்போம். தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். ஐப்பசி கார்த்திகையில் வாடை பிடித்துவிட்டால் வடகடலில் வள்ளம் நிற்காது. அந்த மாதங்களில் தென்கடல் குளம்போல் கிடக்கும். வைகாசி ஆனியில் தென்மேற்குக் காற்று எழுந்ததும் தென்கடல் சீறும், வடகடல் அடங்கிவிடும். ஆகவே காற்று மாறும்போது பலர் கரையும் மாறுவார்கள். மாறாதவர்கள் வள்ளத்தை மணலில் ஏற்றிவிட்டு வலை பொத்துவார்கள், கடன் அடைப்பார்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் படகுக்காரர் எங்கே போனார் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். என்ன செய்துகொண்டிருப்பார் என்பது கேட்காமலே தெரியும்.

உங்கள் கதையும் இரு கடல்களுக்கு நடுவே நடக்கிறது. ஆனால் 143 பேரும் எல்லா மாதமும் கடலில் இருக்கிறார்கள். அதனால்தான் நெரிசல். ஒவ்வொரு பாகத்திற்கும் ஒரு காற்றை வையுங்கள். அந்தக் காற்றுக்குப் பிழைப்பு நடப்பவர்கள் முன்னால் வரட்டும். மற்றவர்கள் கரையில் இருக்கட்டும். கரையில் இருப்பவர்கள் மறைந்தவர்கள் ஆக மாட்டார்கள், ஏனென்றால் வலை பொத்தும் கை வாசகருக்குத் தெரியும். அடுத்த காற்றுக்கு அவர்கள் இறங்கும்போது புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

தேவிபட்டினத்து நவபாஷாணத்தைப் பார்த்திருப்பீர்கள். கடலுக்குள் ஒன்பது கல். நீர் ஏறும்போது சில கல் மறையும். வழக்கமாக வருகிறவர்கள் மறைந்த கல்லுக்கும் சரியான இடத்தில் பூவைப் போடுவார்கள், அது எங்கே நிற்கிறது என்று தெரியுமாதலால்.

சோழகம் (தொண்டி)

கச்சான் அவர்களின் கருத்து எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனாலேயே அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தன் தொடரின் நான்காம் பாகம் அளவுக்கு மீறிப் பெருத்தபோது, மாந்தரை இடத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார். ஒரு நிலப்பகுதியில் இருப்பவர்களின் கதை 2005இல் நான்காம் பாகமாக வந்தது. மற்றவர்களின் கதை 2011இல் ஐந்தாம் பாகமாக வந்தது. தங்களுக்கு விருப்பமானவர்கள் இல்லாத ஒரு பாகத்தைப் படித்துவிட்டு வாசகர்கள் ஆறு ஆண்டுகள் காத்திருந்தார்கள். நீங்கள் சொல்லும் காற்றுப் பிரிவும் அப்படி ஆகிவிடாதா? மேலும், கொலையும் போரும் காற்றைப் பார்த்து வருவதில்லை. வாடைக் காலத்தில் வடகடல் அரசனைக் கொன்றுவிட்டால், கரையில் வலை பொத்துபவனும் எழுந்து ஓடி வரத்தானே வேண்டும்?

கச்சான் (மண்டபம்)

நல்ல கேள்வி. இடத்தை வைத்துப் பிரித்தால் இவர்கள் இருக்கும் ஊருக்கு அவர்கள் வருவதில்லை. அதனால் பாகம் முழுவதும் அவர்கள் பேச்சே எழாது. காற்றை வைத்துப் பிரித்தால் எல்லோரும் ஒரே ஊரில்தான் இருக்கிறார்கள். கடலுக்குப் போகிறவன் கரையில் இருப்பவனைத் தாண்டித்தான் போகிறான். அவனிடம் நூல் வாங்குகிறான், அவன் திட்டைக் கேட்கிறான். ஓர் அத்தியாயத்தில் ஒரே ஒரு வரியாக அவன் இருந்தால் போதும், வாசகர் ஆறு ஆண்டுகள் காத்திருக்க மாட்டார்.

அரசனைக் கொன்றால் வலை பொத்துபவன் எழுந்து வருவான் என்பது சரிதான். அந்த எழுச்சிக்காகவே அவனைக் கரையில் உட்கார வைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ராமாயணத்தில் சம்பாதி அப்படித்தான் வருகிறான். சடாயு ஆரணிய காண்டத்திலேயே இறந்துவிடுகிறான். வானரர்கள் வழி தெரியாமல் கடற்கரையில் உயிர்விடத் துணிந்து சடாயுவைப் பற்றிப் பேசும்போது, தம்பியின் பெயரைக் கேட்டுச் சிறகு கரிந்த ஒரு கழுகு நகர்ந்து வருகிறது. அதுவரை அவன் கதையில் நேரில் வந்ததில்லை. ஆனாலும் புதியவன் என்று தோன்றுவதில்லை. அவன் இறந்தவனுக்கு அண்ணன். அவன் சிறகு கரிந்ததே அந்தத் தம்பியை வெயிலிலிருந்து காத்ததால்தான். சீதை இருக்கும் இடத்தைச் சொல்கிறான், சிறகு முளைத்துப் பறந்துபோகிறான். ஒரே படலத்தில் வந்து போகிற ஒருவனுக்கு உறவும் வேலையும் சேர்ந்து கிடைத்திருக்கின்றன.

கூட்டமாக வரும் காட்சிகளுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். கரைவலை இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் முப்பது பேர் இரண்டு வரிசையாக நிற்பார்கள். எல்லோரும் ஒன்றைத்தான் செய்வதுபோல் தோன்றும். ஆனால் இடுப்பளவு தண்ணீரில் முன்னால் நிற்பவருக்குக் கயிற்றின் இழுவையில் வலையின் மடி எப்படி வருகிறது என்பது தெரியும். அவர் தலையைத் திருப்பினால் வரிசை வேகத்தை மாற்றும். கடைசியில் இருப்பவர் வந்த கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு ஓடிப்போய் முன்னால் பிடிப்பார். நடுவில் இருப்பவர்களின் குதிகால் மணலில் குழி பறித்திருக்கும். உங்கள் போர்க் காட்சியில் இருபத்திரண்டு பெயர்கள் வருகின்றன. தண்ணீரில் நிற்பவர், கயிறு சுருட்டுபவர், குதிகால் வழுக்கிய ஒருவர் என்று மூவரை மட்டும் காட்டினால் முப்பது பேரும் தெரிவார்கள்.

உவர்மண் (ராமேசுவரம்)

கச்சான் அண்ணன் சொன்னதோடு என் பாட்டி சொன்னதும் சேர்கிறது. நூல் விற்றவர் இல்லை என்பது நூல் தேவைப்பட்டபோதுதான் தெரிந்தது. ஓர் ஆளின் வேலை கதையில் பதிந்திருந்தால், அவர் வராத அத்தியாயத்திலும் அந்த வேலையின் வழியாக அவர் இருப்பார். இறந்த பிறகும் இருப்பார்.

கொண்டல் (பாம்பன்)

பத்து நாட்களாகப் பதில் எழுதாததற்குக் காரணம், உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தேன்.

நோட்டைப் புதிதாகப் பிரித்தேன். ஒவ்வொருவருக்கும் மூன்று வரிகள் மட்டும்: எந்தக் காற்றுக்குப் பிழைக்கிறார், கரையில் இருக்கும்போது என்ன செய்கிறார், யார் அவரை என்னவென்று கூப்பிடுகிறார். மூன்றுக்கும் விடை கிடைத்தவர்கள் 58 பேர். அவர்களுக்குப் பெயர் இருக்கும். 60 பேருக்குப் பெயரை எடுத்துவிட்டு, பாசி எடுக்கும் பெண், சுண்ணாம்பு சுடுபவர் என்று தொழிலை மட்டும் வைத்தேன். பாசி எடுக்கும் பெண்ணின் விரல்களில் சுற்றியிருக்கும் ஈரத் துணி, முன்பு அவளுக்கு நான் வைத்திருந்த அழகிய நான்கெழுத்துப் பெயரைவிட அவளை நன்றாகக் காட்டுகிறது. எஞ்சிய 25 பேர் உண்மையில் வேறு யாரோ ஒருவரின் வேலையை இரண்டாம் முறை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களை அந்த முதல் ஆட்களோடு சேர்த்துவிட்டேன். முன் பாகங்களின் நூல் வடிவத்தில் இவற்றைத் திருத்துவேன்.

ஐந்தாம் பாகத்திற்குத் தென்மேற்குக் காற்று. ஆகவே வடகடலில் சங்கு குளிப்பவர்கள் முன்னால் வருகிறார்கள். முக்கியக் குளிப்பாளியின் கயிற்றைப் பிடிப்பவன், இதுவரை பெயரோடு வந்து பெயரோடு போய்க்கொண்டிருந்த ஒரு வெறும் ஆள். சங்கு குளிப்பில் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள், தன் கூடப்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் அவன் கண்ணயர மாட்டான் என்று எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் சொல்வார்கள். அதை அவனுக்குக் கொடுத்தேன். புதிய அத்தியாயத்திலிருந்து ஒரு பகுதியைக் கீழே தருகிறேன்:

“கயிறு இரண்டு முறை இழுபட்டது. மூன்றாவது இழுப்புக்காக அவன் காத்திருந்தான். வலது உள்ளங்கையில், மூன்று ஆண்டுகளுக்கு முன் அறுத்த தழும்பின்மேல் கயிறு தன் இடத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்திருந்தது. கீழே மச்சான் எண்ணிக்கொண்டிருப்பார். மேலே அவனும் எண்ணினான். கரையில் அக்கா நின்றிருந்தாள். அவள் கடலைப் பார்க்கவில்லை. அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.”

ஆவுளியா (கீழக்கரை)

இந்த ஆளை நான் இனி மறக்க மாட்டேன். தழும்பும் கயிறும் மச்சான் என்ற சொல்லும் சேர்ந்து அவனைப் பிடித்து வைத்துவிட்டன. அவன் பெயர் இந்தப் பகுதியில் ஒருமுறைகூட வரவில்லை என்பதை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கவனித்தேன்.

ஒரு பிழை இருக்கிறது. சங்கு குளிக்கும் இடம் கரையிலிருந்து வெகு தொலைவு. கரையில் நிற்கும் அக்காவுக்கு வள்ளமே ஒரு புள்ளியாகத்தான் தெரியும். தம்பியின் உள்ளங்கை தெரியாது. எங்கள் ஊரில் குளிக்கப் போகும் வீட்டுப் பெண்கள் கரையில் நிற்பதும் இல்லை. வீட்டில் உலை வைத்துவிட்டுக் காதைத் தெருவில் வைத்திருப்பார்கள். அக்காவை இந்தக் காட்சியிலிருந்து எடுத்துவிடாதீர்கள், ஏனென்றால் அவள்தான் இவனுடைய உறவு. அவள் பார்ப்பதை மாலைக்குத் தள்ளிவிடுங்கள்.

சோழகம் (தொண்டி)

ஆவுளியா லாத்தா சொன்னதை ஏற்கிறேன். காற்றைப் பற்றிய என் ஐயமும் ஓரளவு தீர்ந்தது, முழுவதும் தீரவில்லை. தென்கடல் மாந்தர் இந்தப் பாகத்தில் ஒரு வரியாக மட்டும் வரும்போது, அந்த ஒரு வரி ஒவ்வொரு முறையும் ஒரே வரியாக இருந்துவிடக் கூடாது. வலை பொத்துபவர் மூன்று முறை வந்தால், மூன்றாம் முறை வலை முடிந்திருக்க வேண்டும், அல்லது அவர் கண் மங்கியிருக்க வேண்டும். நீங்கள் அதைச் செய்கிறீர்களா என்று அத்தியாயந்தோறும் பார்த்து எழுதுகிறேன்.

கொண்டல் (பாம்பன்)

அவசியம் எழுதுங்கள், அந்தக் கண் எனக்கு வேண்டும். வலை பொத்துபவருக்கான மூன்று வரிகளையும் இப்போதே நோட்டில் வரிசையாகக் குறித்துவிட்டேன்.

லாத்தா, பிழையைத் திருத்திவிட்டேன். கடைசி மூன்று வரிகளை எடுத்துவிட்டு அத்தியாயத்தின் இறுதியில் இதைச் சேர்த்திருக்கிறேன்:

“இருட்டும் நேரத்தில் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா மச்சானைப் பார்ப்பதற்கு முன் அவன் கையை இழுத்து விளக்கடியில் பிடித்து விரித்தாள். தழும்பு சிவந்திருந்தது, அறுக்கவில்லை. கையை விட்டுவிட்டு இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.”

முனியன் தாத்தா மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறார். தென்கடலோரத்து உப்பளத்தில், அம்மிக்குழவியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருக்கிறார். யார் என்று கேட்ட வாசகருக்கு அந்த அத்தியாயத்தின் இணைப்பை இன்று காலை அனுப்பிவிட்டேன்.